சப்ளிமினல் செய்திகள் மனிதரை உண்மையிலேயே மாற்றுமா?

தாழைமலர்

என் தம்பி இரவில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ‘சப்ளிமினல்’, அதாவது நனவுக்கு எட்டாதபடி செய்தியை மறைத்துவைத்த, ஒருவகை ஒலிப்பதிவுகளைக் கேட்டபடியே தூங்குகிறான். மேலே மழைச் சத்தமோ மெல்லிய இசையோ ஓடுகிறது. அதற்கு அடியில், காதுக்குப் புலப்படாத அளவில், தன்னம்பிக்கை ஊட்டும் வாசகங்கள் பதிக்கப்பட்டிருப்பதாகவும், அவை விழிப்பு மனத்தின் காவலைத் தாண்டி நேரே ஆழ்மனத்துக்குள் இறங்கிவிடும் என்றும் அவற்றின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. நினைவாற்றல் பெருகும், கூச்சம் அகலும் என்கிறார்கள். சில பதிவுகளில் கண்ணின் நிறமே மாறும் என்றுகூட வாக்களிக்கிறார்கள். கண்ணின் நிறத்தை நான் நம்பவில்லை. ஆனால் மற்றவற்றை முற்றாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை, ஏனென்றால் திரையரங்கில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விளம்பரம் காட்டியதும் பாப்கார்ன் விற்பனை எகிறியது என்ற கதையைச் சிறுவயது முதலே கேட்டு வந்திருக்கிறேன். அந்தச் சோதனை உண்மையென்றால் தம்பி கேட்கும் பதிவிலும் ஏதோ இருக்கக்கூடும் அல்லவா? உளவியல் அறிந்தவர்கள் ஆதாரத்தோடு விளக்கினால் நன்றாக இருக்கும்.

வெண்பாறை

அந்தச் சோதனையிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் இந்தத் துறையைப் பற்றிய பொது நம்பிக்கையில் பெரும்பகுதி அதன்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. 1957 செப்டம்பரில் ஜேம்ஸ் விக்காரி என்ற அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் பத்திரிகையாளர்களைக் கூட்டி ஓர் அறிவிப்பைச் செய்தார். நியூஜெர்சியின் ஃபோர்ட் லீ நகரிலுள்ள திரையரங்கு ஒன்றில், ஆறு வாரங்களில் 45,699 பார்வையாளர்களுக்கு, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐந்து வினாடிக்கு ஒருமுறை, ஒரு வினாடியில் 3,000இல் ஒரு பங்கு நேரத்துக்கு, பாப்கார்ன் சாப்பிடுமாறும் கோகோ கோலா குடிக்குமாறும் சொல்லும் வாசகங்களைத் திரையில் பாய்ச்சியதாகக் கூறினார். பாப்கார்ன் விற்பனை 50 விழுக்காட்டுக்கும் மேலாகவும், கோகோ கோலா விற்பனை 18 விழுக்காட்டளவும் உயர்ந்ததாம். எண்கள் இவ்வளவு துல்லியமாக இருந்ததால்தானோ என்னவோ, அவற்றைப் பெற்ற முறை எங்கே வெளியிடப்பட்டிருக்கிறது என்று கேட்கப் பலருக்குத் தோன்றவில்லை.

முறை எங்கும் வெளியிடப்படவில்லை. அந்த வாரங்களின் வானிலை, ஓடிய படம், விடுமுறை நாள்கள் போன்ற எதையும் சமன்செய்ய ஒப்பீட்டு அரங்கு ஒன்று இருந்ததா என்பதற்கும் விடையில்லை. 1962இல் அட்வர்டைசிங் ஏஜ் இதழுக்கு அளித்த நேர்காணலில், தம்மிடம் இருந்த தரவு பொருட்படுத்தத்தக்கதல்ல என்றும், அது அன்று தொழிலைத் தூக்கி நிறுத்தச் செய்த ஒரு விளம்பர உத்தி என்றும் விக்காரியே ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையே வேறொரு சோதனை வெளிப்படையாகவே நடந்தது. 1958இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி, ஒரு மறைசெய்தியை ஒளிபரப்பப் போவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்றில், உடனே தொலைபேசியில் அழைக்குமாறு சொல்லும் வாசகத்தை 352 முறை பாய்ச்சியது. தொலைபேசி அழைப்புகள் கூடவில்லை. என்ன செய்தி வந்தது என்று ஊகித்து எழுதுமாறு கேட்டபோது ஏறக்குறைய 500 கடிதங்கள் வந்தன. சரியான விடை ஒன்றிலும் இல்லை. ஆனால் எழுதியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் நிகழ்ச்சியைப் பார்க்கையில் தங்களுக்குப் பசித்ததாகவோ தாகம் எடுத்ததாகவோ குறிப்பிட்டிருந்தார்கள். விக்காரியின் கதை அவர்கள் காதுக்கு முன்பே எட்டியிருந்தது. திரையில் வந்த செய்திக்கு அவர்கள் உடலில் விளைவில்லை. செய்தித்தாளில் வந்த செய்திக்கு இருந்தது.

நடைவழி

ஒரு சிறிய ஐயம். எல்லாமே புரட்டு என்றால், பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் இத்தகைய விளம்பரங்களை ஏன் தடை செய்தன? அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்கூட 1974இல் இவை பொதுநலனுக்கு முரணானவை என்று அறிவித்திருக்கிறதே? பலிக்காத ஒன்றைத் தடைசெய்ய அரசுகளுக்கு என்ன அவசியம்?

வெண்பாறை

தடை விதிப்பதற்கு ஒரு செயல் பலிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஏமாற்றும் நோக்கமே போதுமானது. 1974 அறிவிப்பின் தருக்கமும் அதுதான்: வினை பயனளிக்கிறதோ இல்லையோ, பார்ப்பவருக்குத் தெரியாமல் அவரிடம் பேச முயல்வது ஒளிபரப்பு உரிமம் பெற்றவரின் கடமைக்குப் பொருந்தாது என்பது. தடை இருப்பதால் ஆற்றலும் இருக்கவேண்டும் என்று வாதிட்டால், சூனியத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றிய நாடுகளைக் கொண்டு சூனியத்தையும் நிறுவிவிடலாம்.

கரும்பலகை

வெண்பாறை ஐயா சொன்ன வரலாறு சரியானது. ஆனால் அதிலிருந்து, நனவுக்கு எட்டாத தூண்டல் எதையுமே செய்யாது என்ற முடிவுக்குத் தாவுவதில் எனக்கு உடன்பாடில்லை. விக்காரி பொய் சொன்னார் என்பது விக்காரியைப் பற்றிய செய்தி. மூளையைப் பற்றிய செய்தி அல்ல. நான் உளவியல் கற்பிப்பவன், ஆகவே சற்று நீட்டி எழுத இடம் தருமாறு வேண்டுகிறேன்.

முதலில், உணர்வெல்லை, அதாவது ஒரு தூண்டல் நமக்குப் புலப்படத் தொடங்கும் அளவு, என்பது சுவர்போல ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒருவருக்கே அது நேரத்துக்கு நேரம், கவனத்துக்குக் கவனம் மாறும். ஆகவேதான் பாதித் தடவைகளில் புலப்படும் அளவையே எல்லை என்று ஆய்வகங்களில் வழக்கமாகக் கொள்கிறார்கள். காட்டும் நேரம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதுமில்லை. மிகக் குறுகிய ஒளிப்பாய்ச்சலில், ஒளியின் செறிவும் நேரமும் சேர்ந்த மொத்த அளவைத்தான் கண் கணக்கில் கொள்கிறது. போதிய பிரகாசம் இருந்தால் ஒரு வினாடியில் 3,000இல் ஒரு பங்கு நேரத்துக்கு வரும் ஒளியும் பளிச்சென்று தெரியும். எனவே ஆய்வாளர்கள் நேரத்தைக் குறைப்பதோடு நிறுத்தாமல், சொல் மறைந்த உடனேயே அதே இடத்தில் வேறு எழுத்துக் குவியலைக் காட்டி முந்தையதை மறைக்கிறார்கள். அப்போது சொல்லை 30 அல்லது 40 மில்லி வினாடி காட்டினாலும் பார்த்தவர் எதையும் பார்க்கவில்லை என்பார்.

அந்த நிலையிலும் ஏதோ உள்ளே செல்கிறது என்பதற்குச் சான்று பழையது. 1884இலேயே சார்லஸ் பியர்ஸும் ஜோசப் ஜாஸ்ட்ரோவும் மிகச் சிறிய எடை வேறுபாடுகளைத் தங்கள்மீதே சோதித்தார்கள். எது கனமானது என்று தெரியவே தெரியாது, வெறும் ஊகம்தான் என்று எண்ணிச் சொன்ன விடைகளும் தற்செயலைவிட அதிகமாகச் சரியாக இருந்தன. 1980இல் குன்ஸ்ட் வில்சனும் ராபர்ட் ஸயான்ஸும் ஒழுங்கற்ற எண்கோண வடிவங்களை ஒரு மில்லி வினாடி மட்டும் காட்டினார்கள். பின்னர் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் இணையாக வைத்து, முன்பு பார்த்தது எது என்று கேட்டபோது 48 விழுக்காடுதான் சரி, அதாவது குருட்டு ஊகம். எது பிடித்திருக்கிறது என்று கேட்டபோதோ 60 விழுக்காட்டுத் தடவைகளில் பழைய வடிவத்தையே தேர்ந்தார்கள். இது சிறிய விளைவுதான், ஆனால் சுவையானது: அறிமுகம் இருந்ததை அறியாமலேயே அறிமுகத்தின் சாய்வு இருந்தது.

இனி இதன் மறுபக்கம். 1996இல் அந்தோனி கிரீன்வால்டும் உடன் ஆய்ந்தவர்களும் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையில், மறைக்கப்பட்ட சொல்லின் பொருள் அடுத்து வரும் சொல்லைப் பற்றிய தீர்ப்பைப் பாதிக்கிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினார்கள். அதே கட்டுரையில், அந்த அடுத்த சொல் ஏறக்குறைய 100 மில்லி வினாடிக்குள் வந்தால்தான் அந்தப் பாதிப்பு தெரிகிறது என்பதையும், கண்ணுக்குத் தெரிந்த தூண்டலைப் போல இது அடுத்த முயற்சியில் அளக்கத்தக்க நினைவுச் சுவடு எதையும் விட்டுச்செல்வதில்லை என்பதையும் கண்டார்கள். திரையிலிருந்து விற்பனைப் பகுதிவரை நடந்துபோகும் நேரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வணிகப் பெயர்களை வைத்து நடந்த சோதனையும் உண்டு. 2006இல் நெதர்லாந்தில் யோகன் கரேமன்ஸ் குழு, லிப்டன் ஐஸ் என்ற பானத்தின் பெயரை 23 மில்லி வினாடி வீதம் பலமுறை பாய்ச்சி, உடனே என்ன பானம் வேண்டும் என்று கேட்டது. ஏற்கெனவே தாகமாக இருந்தவர்கள் அந்தப் பானத்தைக் கூடுதலாகத் தேர்ந்தார்கள். தாகமில்லாதவர்களிடம் அப்படிப்பட்ட விளைவு இல்லை. பின்னர் அதே வட்டத்து ஆய்வாளர்கள், ஏற்கெனவே அந்தப் பானத்தை வழக்கமாகக் குடிப்பவர்களிடமும் பயனில்லை என்று கண்டார்கள்; அவர்களுக்கு அந்தப் பெயர் தூண்டலின்றியே நினைவில் நிற்கிறது. ஆக, தேவை இருக்கவேண்டும், தேர்வு உடனே நடக்கவேண்டும், இரண்டு பொருள்களில் எதுவானாலும் சரி என்ற மனநிலையும் இருக்கவேண்டும். இத்தனையும் கூடிவந்தால் தராசு ஒருபக்கம் மெல்லச் சாயலாம். விருப்பமில்லாத ஒருவரை எழுந்துபோய் வாங்க வைப்பது வேறு செயல். அதற்கு எந்தச் சோதனையும் சான்று தரவில்லை.

நீலத்தும்பி

கரும்பலகை ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஆய்வகத்தில் ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து செய்யும் சோதனையைக் கொண்டு, பல மாதங்கள் தொடர்ந்து கேட்கும் பயிற்சியை மதிப்பிடுவது நியாயமா என்பதே என் கேள்வி. நானும் இத்தகைய பதிவுகளைக் கேட்டவன். மேடையில் பேச நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு, சில வாரங்களிலேயே நடுக்கம் தணிந்தது. இதை நான் கற்பனை செய்துகொள்ளவில்லை. உடன் பணியாற்றுவோரும் கவனித்துச் சொன்னார்கள். ஒரு துளிக்கு ஆற்றல் இல்லாமல் போகலாம். ஆயிரம் முறை விழும் துளிக்கும் ஆற்றல் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? மேலும், ஆழ்மனம் என்ற ஒன்று நம் முடிவுகளில் பெரும்பங்கு வகிக்கிறது என்பதை இன்றைய உளவியலே ஏற்றுக்கொள்கிறதே.

ஒலிப்பொறி

ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், ஒலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மனத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஓர் உரத்த ஒலி, அதே அலைவரிசைப் பகுதியிலுள்ள மெல்லிய ஒலியை மறைத்துவிடும். இது மனத்தின் ஆழத்தில் நடப்பது அல்ல. பெரும்பாலும் உட்செவியிலேயே நடந்து முடிகிறது. மழைச் சத்தம் ஏறக்குறைய எல்லா அலைவரிசைகளிலும் பரவியது, ஆகவே மறைப்பதற்கு மிகச் சிறந்தது. அதன் அடியில் போதிய அளவு தாழ்த்தி வைத்த பேச்சைச் செவி நரம்பு தனித்தெடுத்து மேலே அனுப்பினால்தானே மூளை அதைப் புரிந்துகொள்ளும்? காட்சியில் கண்ணுக்குள் முழுதாய் நுழைந்த சொல்லைப் பின்வரும் உருவம் மறைக்கிறது. மழைக்கு அடியில் தாழ்த்திய பேச்சோ வாசலிலேயே நின்றுவிடுகிறது. இந்த வேறுபாட்டைப் பதிவு விற்பவர்கள் சொல்வதேயில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இணையத்தில் கேட்கும் ஒலிக்கோப்புகள் பெரும்பாலும் அளவு சுருக்கப்பட்டவை. எம்பி3 போன்ற சுருக்க முறைகளின் அடிப்படைத் தத்துவமே, மற்ற ஒலிகளால் மறைக்கப்பட்டு மனிதச் செவிக்கு எட்டாத பகுதியைக் கண்டுபிடித்து அதைத் துல்லியமாகச் சேமிக்காமல் விடுவதுதான். எனவே காதுக்கு எட்டாதபடி ஒளித்துவைத்த வாசகம் எதுவோ, அதுதான் முதலில் சிதைக்கப்படும் பகுதி. தயாரித்தவர் நேர்மையாகவே வாசகத்தைப் பதித்திருந்தாலும், கேட்பவரிடம் வந்து சேர்வது பெரும்பாலும் மழை மட்டும்தான் (மழைக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகத் தூக்கம் வரும்).

ஒலிநாடாக் காலத்திலேயே இதைச் சோதித்தவர் பிலிப் மெரிக்கிள் என்ற கனடிய உளவியலாளர். 1988இல் வெளியான ஆய்வில் அவர், கடையில் விற்ற சில சப்ளிமினல் நாடாக்களின் ஒலியலைகளைப் பகுத்தபோது பேச்சின் தடயமே தென்படவில்லை. வாசகம் உள்ள நாடாவையும் இல்லாத நாடாவையும் மாறிமாறிக் கொடுத்து இது எது என்று ஊகிக்கச் சொன்னபோதும் கேட்டவர்களால் வேறுபடுத்த முடியவில்லை. நீலத்தும்பி சொல்லும் துளிகளுக்கு என் விடை இதுதான்: விழாத துளியை எத்தனை ஆயிரத்தால் பெருக்கினாலும் வருவது அதேதான்.

கரும்பலகை

பலமுறை கேட்பது பற்றிய கேள்விக்கு நேரடியாகவே விடை தேடிய ஆய்வு ஒன்று உண்டு. முன்பு குறிப்பிட்ட கிரீன்வால்டும் அந்தோனி பிராட்கானிஸும் மற்றவர்களும் 1991இல் வெளியிட்டது அது. சந்தையில் விற்ற நாடாக்களையே வாங்கினார்கள். சில நினைவாற்றலுக்கு, சில தன்மதிப்புக்கு. தன்னார்வலர்கள் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று ஒரு மாதம் நாள்தோறும் கேட்டார்கள். இதில் நுட்பம் என்னவென்றால், பாதிப்பேருக்கு உறையின்மேல் ஒட்டிய சீட்டு மாற்றப்பட்டிருந்தது. நினைவாற்றல் என்று எழுதிய உறைக்குள் தன்மதிப்பு நாடாவும், தன்மதிப்பு என்று எழுதிய உறைக்குள் நினைவாற்றல் நாடாவும் இருந்தன. யாருக்கு எது போயிற்று என்பது கேட்டவருக்கும் தெரியாது, அளந்தவருக்கும் தெரியாது.

மாத இறுதியில் அளந்தபோது, எந்த நாடாவின் உள்ளடக்கமும் தான் வாக்களித்த திறனைக் குறிப்பாக உயர்த்தவில்லை. எல்லாக் குழுவினரின் மதிப்பெண்களும் பொதுவாகச் சற்று உயர்ந்திருந்தன. அது இரண்டாம் முறை தேர்வு எழுதுவதாலும் எதிர்பார்ப்பாலும் வரக்கூடியது. ஆனால் பங்கேற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேலானோர், உறையின்மேல் எழுதியிருந்த திறன் தங்களுக்குக் கூடியிருப்பதாக நம்பினார்கள். கேட்டது எதுவோ அது வேலை செய்யவில்லை. வாசித்த சீட்டு வேலை செய்தது, அதுவும் அவர்கள் கருத்தில் மட்டும்.

நீலத்தும்பி ஆழ்மனத்தைப் பற்றிச் சொன்னதிலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நம் மூளையின் பெரும்பாலான பணிகள் நாம் அறியாமல் நடக்கின்றன என்பது உண்மை. அதனாலேயே நாம் அறியாமல் நுழையும் செய்திக்குத் தனி வலிமை உண்டு என்று ஆகாது. நான் கண்ட சோதனைகளில் எல்லாம் நேர்மாறானதே நடக்கிறது. கவனத்தோடு பார்த்த சொல், மறைத்துக் காட்டிய சொல்லைவிட வலுவான, நீடித்த பாதிப்பைத் தருகிறது. ஆழ்மனத்துக்குத் தனி வாசல் ஒன்று இருப்பதாகவும், அதன் வழியே வருவதை நாம் எதிர்க்க முடியாது என்பதாலேயே அது ஆணையாகிவிடும் என்பதாகவும் இருக்கும் எண்ணம், விற்பவர்களுக்கு வசதியானது. அதற்குச் சான்று கிடையாது.

நீலத்தும்பி

சீட்டு மாற்றிய ஆய்வை இப்போதுதான் அறிகிறேன். அதைப் படித்தபின்பும் என் நிலையை முற்றிலும் விட்டுவிட வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். என் நடுக்கம் தணிந்தது நம்பிக்கையால் என்றே வைத்துக்கொள்வோம். தணிந்ததா இல்லையா என்பதுதானே எனக்கு முக்கியம்? மருந்துப்போலியும் வலியைக் குறைக்கிறது என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். அச்சம் எதிர்பார்ப்பினால் வளர்வது. ஆகவே எதிர்பார்ப்பினாலேயே குறையவும் செய்யும். இலவசமாகக் கிடைக்கும் பதிவு ஒன்று, பொய்யான காரணத்தைச் சொல்லியேனும், மெய்யான துணிவைத் தருமானால் அதில் என்ன கேடு?

வெண்பாறை

மேடை நடுக்கத்தைப் பொறுத்தவரை உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது; அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் நினைவாற்றலில் நடந்ததைப் பாருங்கள். அங்கே எதிர்பார்ப்பு, சீட்டில் எழுதிய திறனைக் கூட்டவில்லை. கூடிவிட்டது என்ற எண்ணத்தை மட்டும் தந்தது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஒருவர், நினைவாற்றல் பெருகிவிட்டதாக எண்ணிப் படிக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டால், நம்பிக்கையின் விலையை அவர்தான் கொடுக்க வேண்டியிருக்கும். மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேவைப்படும் ஒருவர் பதிவுகளோடு மாதங்களைக் கழிப்பது இன்னும் கவலைக்குரியது.

இந்த நம்பிக்கையின் கேடு ஒருமுறை நீதிமன்றம் வரை வந்திருக்கிறது. 1985இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இரு இளைஞர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதற்கு, ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பாடலில் ‘செய்துவிடு’ என்ற கட்டளை ஒளித்துவைக்கப்பட்டதே காரணம் என்று குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். 1990இல் ரீனோ நகரில் நடந்த விசாரணையில் உளவியலாளர்கள் இருதரப்பிலும் சாட்சியமளித்தார்கள். அந்தக் கட்டளையாகக் கேட்டது வேறு ஒலிகள் தற்செயலாகக் கலந்ததால் பிறந்த ஒன்று. வேண்டுமென்று வைக்கப்பட்டதாகவோ, அதுவே துயரத்துக்குக் காரணம் என்றோ நிறுவப்படவில்லை என்று நீதிபதி ஜெர்ரி கார் ஒயிட்ஹெட் தீர்ப்பளித்தார். ஓர் இளைஞரின் வாழ்க்கையில் உண்மையிலேயே இருந்த இன்னல்களை விட்டுவிட்டு, பாடலுக்குள் ஒளிந்திருக்கும் இரு சொற்களைத் தேடிப் போவது எவ்வளவு எளிதாக இருக்கிறது என்பதுதான் அந்த வழக்கில் என்னை மிகவும் உறுத்தியது.

ஒலிப்பொறி

அதோடு சேர்த்து, பாடல்களைப் பின்னிருந்து முன்னாக ஓட்டினால் ஒலிக்கும் செய்திகளையும் முடித்துவிடலாம். ஜான் வோக்கியும் டான் ரீடும் 1985இல் இதை ஆராய்ந்தார்கள். திருப்பி ஓட்டிய பேச்சைக் கேட்டவர்களால், பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைச் சொல்ல முடிந்தது. வாக்கியத்தின் பொருளைப் பற்றி எதையும் சொல்ல முடியவில்லை. இன்ன சொல் வருகிறது பாருங்கள் என்று முன்கூட்டியே சொன்னால் மட்டும் பலருக்கும் அது தெளிவாகக் கேட்டது. இதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

நடைவழி

அரசியல் விளம்பரங்களிலும் இந்த உத்தி பயன்பட்டதாகப் படித்திருக்கிறேன். 2000ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது ஒரு விளம்பரத்தில் எலிகள் என்ற சொல் மின்னி மறைந்ததாகச் சொல்கிறார்களே, அது உண்மையா?

கரும்பலகை

விளம்பரம் உண்மை. குடியரசுக் கட்சியின் தேசியக் குழு, எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோரின் மருந்துத் திட்டத்தைத் தாக்கி வெளியிட்டது. அரசு அலுவலர்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் திரையில் பெரிதாகி வரும்போது, அதன் கடைசி நான்கு எழுத்துகளான ‘ராட்ஸ்’ (எலிகள்) மட்டும் ஒரே ஒரு படச்சட்டத்தில் (ஃப்ரேமில்), அதாவது ஒரு வினாடியில் 30இல் ஒரு பங்கு நேரம், பேரெழுத்தில் நின்றது. வேண்டுமென்றே செய்யப்பட்டதல்ல என்று அக்கட்சியின் வேட்பாளர் ஜார்ஜ் புஷ் மறுத்தார். பின்னர் ஜோயல் வைன்பெர்கரும் ட்ரூ வெஸ்டனும் 2008இல் வெளியிட்ட இணையவழி ஆய்வில், முன்பின் அறியாத ஓர் அரசியல்வாதியின் படத்துக்கு முன்னால் இதே சொல்லைப் பாய்ச்சியபோது, அவரைப் பற்றிய மதிப்பீடு சற்றுத் தாழ்ந்தது. இங்கும் அதே நிபந்தனைகள் வருகின்றன: அறியாத முகம், உடனடி மதிப்பீடு. ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய தலைவர் ஒருவரைப் பற்றிய கருத்து இவ்வாறு நகருமா என்பது வேறு கேள்வி.

இந்த இடத்தில் என் துறையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும், இல்லையென்றால் நான் சான்றுகளைத் தேர்ந்தெடுத்து அடுக்குவதாக ஆகிவிடும். இத்தகைய தூண்டல் ஆய்வுகள் அனைத்தும் ஒரே உறுதியோடு நிற்பவை அல்ல. முதுமையோடு தொடர்புள்ள சொற்களைக் கலைத்துக் கொடுத்து வாக்கியமாக அமைக்கச் சொன்னால், எழுந்து போகும் மாணவர்கள் மெதுவாக நடக்கிறார்கள் என்று ஜான் பார்க் குழு 1996இல் அறிவித்தது. அங்கே சொற்கள் மறைக்கப்படவில்லை, அவற்றின் தாக்கம் மட்டுமே உணரப்படவில்லை. எனினும் இந்த விவாதங்களில் அது ஓயாமல் மேற்கோள் காட்டப்படுகிறது. 2012இல் ஸ்டெஃபான் டாயன் குழு அதையே அகச்சிவப்புக் கருவி வைத்து அளந்தபோது விளைவு தென்படவில்லை. மாணவர்கள் மெதுவாக நடப்பார்கள் என்று சோதனையாளர்களையே நம்பவைத்தபோது மட்டும் தென்பட்டது. அதே ஆண்டில் உளவியலாளர் டேனியல் கானமன், இந்தத் துறையினர் தங்கள் முடிவுகளை மீள்சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று திறந்த மடல் எழுதினார்.

இன்னும் ஆழமான சிக்கலை 2017இல் டேவிட் ஷாங்க்ஸ் எடுத்துக் காட்டினார். நனவுக்கு எட்டாத விளைவைக் காட்ட விரும்பும் ஆய்வாளர் பலமுறை செய்வது இது: எல்லோருக்கும் மறைத்த சொல்லைக் காட்டுவது, பிறகு அது தெரிந்ததா என்று ஒரு சிறிய தேர்வு வைப்பது, அந்தத் தேர்வில் தெரியவில்லை என்று வந்தவர்களை மட்டும் தனியே பிரித்து அவர்களிடமும் தாக்கம் இருக்கிறது என்று அறிவிப்பது. எந்த அளவீட்டிலும் பிழை உண்டு. உண்மையில் சொல்லை ஓரளவு பார்த்தவர்களில் சிலர் அந்தச் சிறிய தேர்வில் தற்செயலாகக் குறைந்த மதிப்பெண் பெறுவார்கள், அவர்களும் ‘பார்க்காதவர்’ பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். அவர்களிடம் தாக்கம் தெரிவதில் வியப்பில்லை, அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே நான் மேலே சொன்ன சிறிய விளைவுகளிலும்கூட எவ்வளவு பங்கு உண்மையிலேயே நனவுக்கு எட்டாமல் நிகழ்ந்தது என்பது இன்றும் துறைக்குள் நடக்கும் சண்டை. கிரீன்வால்டின் 100 மில்லி வினாடி விளைவை நான் நம்புகிறேன். எண்கோணங்களை ஓரளவு நம்புகிறேன். பானத் தேர்வை, பெரிய எண்ணிக்கையில் பல ஆய்வகங்கள் திரும்பச் செய்து காட்டும்வரை, ஆர்வமூட்டும் ஒரு முடிவு என்ற அளவில்தான் வைத்திருப்பேன்.

தாழைமலர்

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் இவற்றை எடுத்துச் சொன்னால் வாக்குவாதம்தான் மிஞ்சும், ஏனெனில் தனக்கு ‘வேலை செய்கிறது’ என்பதில் அவன் உறுதியாக இருக்கிறான். அவனே செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளும்படியாக வீட்டளவில் ஏதேனும் சோதனை உண்டா?

ஒலிப்பொறி

உண்டு, கடினமும் இல்லை. வாசகம் இருப்பதாகச் சொல்லப்படும் பதிவையும், அதே நீளமுள்ள வெறும் மழைப் பதிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் மழையும் ஒன்றுபோலவே ஒலிக்க வேண்டும், இல்லையென்றால் அவனுக்கு எது எது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு வாரமும் எந்தப் பதிவு என்பதை நாணயம் சுண்டி நீங்கள் தீர்மானியுங்கள். இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர் இடுங்கள். குறிப்பை அவன் கையில் படாத இடத்தில் வையுங்கள். வார முடிவில் அவன் இரண்டு செய்யவேண்டும். முதலாவது, இந்த வாரம் ஓடியது எது என்று ஊகித்து எழுதுவது. இரண்டாவது, அளக்கக்கூடிய ஏதாவது ஒன்றைச் செய்வது. நினைவாற்றல் என்றால், புதிதாகத் தந்த சொற்பட்டியலில் எத்தனை சொற்களைத் திருப்பிச் சொல்கிறான் என்று பார்க்கலாம். எப்படி உணர்கிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள். பல வாரங்கள் கழித்து எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து பாருங்கள். இடையில் பார்த்தால் சோதனை கெட்டுவிடும். அவனை அளக்கும் நேரத்தில் நீங்களும் குறிப்பைப் பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது. வேறொருவரை நாணயம் சுண்டச் சொல்வதே மேல்.

நீலத்தும்பி

இந்தச் சோதனையை நானும் செய்யத் தயார். ஆனால் ஒரு மறுப்பைப் பதிவு செய்துகொள்கிறேன். ஒவ்வொரு வாரமும் ஐயத்தோடு கேட்பவரிடம் எதிர்பார்ப்பு மங்கிவிடும். எதிர்பார்ப்புதான் என் நடுக்கத்தைத் தணித்தது என்றால், சோதனை செய்வதாலேயே நான் தேடும் பயன் போய்விடாதா?

கரும்பலகை

போகலாம். அப்படிப் போனால், பயன் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே விடையாகிவிடும். நடுக்கத்துக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன்: கேட்கும்படியான குரலில், நீங்களே எழுதிய வாசகங்களை, மேடைக்குப் போகுமுன் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அதைவிட முக்கியமாக, சிறிய கூட்டங்களில் அடிக்கடி பேசுங்கள். அச்சத்துக்குப் படிப்படியாக முகம் கொடுத்துப் பழகுவது பலனளிக்கும் என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. நீங்கள் அந்த வாரங்களில் பதிவுகளைக் கேட்டதோடு மேடையும் ஏறியிருப்பீர்கள் என்றே ஊகிக்கிறேன்.

நடைவழி

கடைசியாக ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும், ஒருவரின் நனவுக்கு எட்டாத உத்திகளால் அவர் நடத்தையைப் பெரிதும் திரித்துக் கேடு விளைவிக்கும் கருவிகளைத் தடை செய்கிறது. இத்தனை ஆய்வுக்குப் பிறகும் சட்டம் எழுதுவோர் இதை விடவில்லையே.

வெண்பாறை

அந்த விதி மறைசெய்திகளோடு நிற்கவில்லை. வேண்டுமென்றே கையாளுகிற, ஏமாற்றுகிற உத்திகளையும் சேர்த்தே பேசுகிறது. என் பார்வையில் விதியின் உயிர் அந்தப் பின்பாதியில்தான் இருக்கிறது. 1990களின் இறுதியில் ஏட்ரியன் நார்த் குழு, ஒரு கடையின் ஒயின் அடுக்கருகே சில நாள்கள் பிரெஞ்சு இசையும் சில நாள்கள் ஜெர்மன் இசையும் ஒலிக்கச் செய்தது. இசை மாறியபோது அந்தந்த நாட்டு ஒயினின் விற்பனைப் பங்கும் மாறியது. வாங்கியவர்களில் மிகச் சிலரே இசை தங்களைப் பாதித்ததாகச் சொன்னார்கள். இசை எல்லோர் காதிலும் விழுந்தது. ஒளிந்திருந்தது அதன் தாக்கம் மட்டும். ஒரு செயலி எந்தப் பொத்தானைப் பெரிதாகக் காட்டுகிறது, எந்தத் தேர்வை முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறது என்பவையும் இந்த வகையே.

கரும்பலகை

நார்த்தின் ஆய்வு ஒரே கடையில், குறைந்த எண்ணிக்கையிலான வாங்குநர்களிடம் நடந்தது. அதையும் பானச் சோதனையை வைத்த அதே அடுக்கில்தான் நான் வைப்பேன். முன்கூட்டியே குறிக்கப்பட்ட தேர்வுகளைப் பற்றிய உங்கள் கருத்தை அப்படியே ஏற்கிறேன், அதற்குச் சான்று வேறு தரத்தில் இருக்கிறது. விதியின் முன்பாதியோ நீதிமன்றத்தில் திண்டாடும் என்று எண்ணுகிறேன். ஆய்வகத்தில் ஒரே ஒரு சொல் ஒரே ஒருவருக்குத் தெரியவில்லை என்பதை ஓரளவு உறுதியோடு சொல்வதற்கே, அவரை இருட்டறையில் உட்காரவைத்து நூற்றுக்கணக்கான முயற்சிகள் தரவேண்டியிருக்கிறது; ஒருவர் தம் கைபேசியில் என்றோ பார்த்த படம் அன்று அவர் நனவுக்கு எட்டியதா இல்லையா என்பதைப் பின்னாளில் எந்த நிபுணர், எந்த அளவுகோலால் சாட்சியம் சொல்வார்?